சாட்சி வைத்துத் திறப்பவர்

பூட்டிய வீட்டைத் திறக்கச் சாவிக்காரரைக் கூப்பிட்டால் அவர் முதலில் பூட்டைப் பற்றி விசாரிப்பதில்லை. பக்கத்து வீட்டில் யார் இருக்கிறார்கள் என்றுதான் கேட்பார்.

"என் வீட்டைத் திறக்க அடுத்த வீட்டுக்காரன் எதுக்குய்யா?" என்று எகிறுகிறவர்கள் உண்டு.

"உங்க வீடுன்னு உங்களுக்குத் தெரியும். எனக்கு யார் சொல்றது?" என்பார்.

அக்கம்பக்கத்தில் ஒருவர் வந்து, ஆமாம், இவர் வீடுதான் என்று வாய்திறந்து சொல்ல வேண்டும். அதற்குப் பிறகுதான் பை திறக்கும். வளைந்த கம்பி ஒன்று, மெல்லிய தகடு ஒன்று, கைக்கு அடக்கமான அரம் ஒன்று. பூட்டு விட்டுக்கொடுத்ததும் கதவை ஒரு சாண் மட்டும் தள்ளிவிட்டு இரண்டடி பின்னால் வந்துவிடுவார். உள்ளே கால் வைக்க மாட்டார். தண்ணீர் கொடுத்தால் வாசலில் நின்றே குடிப்பார். முப்பத்து நான்கு வருஷமாக இதே வழக்கம்.

அந்த வட்டாரத்தில் அவரால் ஐந்து நிமிடத்தில் திறக்க முடியாத கதவு கிடையாது. அது எல்லாருக்கும் தெரியும். தெரிந்தும் எல்லாரும் நிம்மதியாகத் தூங்கினார்கள். "நாங்க கதவைப் பூட்டறதே உங்களுக்கு ஒரு மரியாதைக்குத்தாண்ணே" என்று டீக்கடைக்காரர் அடிக்கடி சொல்லிச் சிரிப்பார்.

இந்தப் பிடிவாதத்துக்கு ஒரு காரணம் இருந்தது. தொழிலுக்கு வந்த புதிதில், நன்றாக உடுத்திய ஒரு மனிதர் சாவி தொலைந்துவிட்டது என்று அழாத குறையாக வந்து நின்றார். அடுத்த வீட்டுக்காரர் ஊரில் இல்லை. இரண்டு மணி நேரம் அவரை உட்கார வைத்து, அந்தத் தெருவில் வேறு ஒருவரைத் தேடிப் பிடித்துக் கூட்டிவந்தார் சாவிக்காரர். வந்த அம்மாள் தூரத்திலேயே நின்றுவிட்டாள். "இவரா? இவர் அடிக்கிற அடி தாங்காமத்தானே அந்தப் பொண்ணு பூட்டையே மாத்திச்சு!" அன்றிலிருந்து அழுகையை அவர் அத்தாட்சியாக எடுத்துக்கொள்வதில்லை.

அவர் மனைவி அதற்கு நேர் எதிர். செருப்புக்கடையில் இருபத்தாறு வருஷம் விற்பனைக்கு நின்றவள். உள்ளே நுழைகிறவரின் காலைப் பார்த்தே ஆளை எடை போட்டுவிடுவாள். "குதிகால் வெளிப்பக்கம் தேஞ்சிருக்கு, இந்தாள் அவசரக்காரர்" என்பாள். எல்லாரிடமும் பேசுவாள், எல்லாரையும் நம்புவாள், எல்லாருக்கும் தன் எண்ணைக் கொடுத்து வைத்திருப்பாள். குழந்தைக்குப் பள்ளிச் செருப்பு வந்ததா, ஆறாம் நம்பர் இருக்கிறதா என்று கடையைக் கூப்பிடாமல் அவளைத்தான் கூப்பிடுவார்கள். வீட்டில் இருந்த ஒரே நல்ல போனும் அவளுடையதுதான். சாவிக்காரரிடம் இருந்தது பொத்தான் வைத்த பழைய போன். பேச மட்டும் உதவும்.

அவள் தொண்டையில் கட்டி வந்தது. குரல்வளையையே எடுத்தாக வேண்டும், எடுத்தால் பிழைக்க வழியுண்டு, ஆனால் பேச்சு போய்விடும் என்றார் டாக்டர். அன்று வீடு வரும் வரை அவள் வாயைத் திறக்கவில்லை. வந்ததும் திறந்தாள்.

"சரி, மூட்டை கட்ட வேண்டியதுதான்" என்றாள்.

"என்ன மூட்டை?"

"பேச்சு மூட்டை."

ஆபரேஷனுக்கு முந்தைய வாரம் நான்கு நாள், மத்தியானத்தில், அறைக்கதவைச் சாத்திக்கொண்டு போனில் பேசிப் பதிவு செய்தாள். சாப்பிட வந்த சாவிக்காரர் கதவைத் தட்டினால், "வெளியவே நில்லுங்க சாவிக்காரரே, உள்ள கால் வைக்கக் கூடாது. அதானே உங்க சட்டம்?" என்று குரல் வரும். அவர் சோற்றுத் தட்டோடு வெளியே உட்கார்ந்திருப்பார். உள்ளே பேச்சு முணுமுணுவென்று கேட்கும். வார்த்தை புரியாது. மூன்றாம் நாள் ஏதோ சொல்லிவிட்டு அவள் தானாகவே விழுந்து விழுந்து சிரித்தது கேட்டது.

"மொத்தம் ஆறு மணி நேரம்" என்றாள் கடைசி நாள். "உங்களுக்குத் தனியா, பொண்ணுக்குத் தனியா. திட்டும் உண்டு. இனிமே நான் உங்களைத் திட்டணும்னா அதைப் போட்டுவிட்டாப் போதும்."

"இந்தப் போன் தொலைஞ்சா?"

"போன்லயா இருக்கு? எல்லாம் நெட்ல அந்தப் பெரிய கம்பெனி கணக்குல தானாப் போய்ச் சேர்ந்துடும். உலகத்துல பாதிப் பேரு சாமானை அவங்கதான் வச்சிருக்காங்க. உங்க பூட்டெல்லாம் துருப்பிடிக்கும், இது பிடிக்காது."

அந்தக் கணக்கைத் தொடங்கிக் கொடுத்தவள் கடையில் அவளோடு வேலை பார்த்த ஒரு குறும்புக்காரப் பெண். பெயர் என்ற இடத்தில் 'செருப்புக்கடை அக்கா' என்று எழுதிவிட்டாள். பிறந்த தேதிக்கு, கடை திறந்த தேதியைப் போட்டாள். இரண்டு பேரும் வயிறு வலிக்கச் சிரித்தார்களாம்.

ஆபரேஷன் முடிந்து கட்டிலில் கிடந்தவள், ஒரு நோட்டில் எழுதிக் காட்டினாள். "கேட்டீங்களா?"

"நீ வீட்டுக்கு வா. சேர்ந்து கேக்கலாம்."

"ச்சீ, நான் பேசினதை நானே உக்காந்து கேக்கணுமா?" என்று எழுதி, அடியில் ஒரு கோடு போட்டாள்.

பத்தொன்பதாம் நாள் காய்ச்சல் கண்டது. இருபத்திரண்டாம் நாள் போய்விட்டாள். அந்தக் களேபரத்தில் தலையணைக்கடியில் இருந்த போனை யாரோ எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள்.

சாவிக்காரர் செய்த தவறு இங்கேதான். வேறு யாராக இருந்தாலும் மூலையில் சுருண்டு கிடந்திருப்பார்கள், அந்தத் தவறும் நடந்திருக்காது. அவர் தொழிலில் அரிச்சுவடி ஒன்று உண்டு. சாவி தொலைந்தால் அன்றே பூட்டை மாற்று. தேடுவதும் அழுவதும் பிறகு. மறுநாள் காலை, துக்கத்துக்கு வந்தவர்கள் இன்னும் வீட்டில் இருக்கும்போதே, அவர் போன் கடைக்குப் போய், இந்த எண்ணை மூடிவிடுங்கள் என்றார்.

"இதே நம்பர்ல புதுக் கார்டு போட்டுத் தரலாமே சார்" என்றாள் கடைப்பெண்.

"வேணாம்மா. எடுத்தவன் அவ பேர்ல யாரையும் ஏமாத்திடக் கூடாது. மூடிடுங்க."

காகிதத்தில் கையெழுத்துப் போட்டார். வீட்டுக்கு வந்து சொன்னபோது, இந்த நேரத்திலும் மனுஷனுக்கு எவ்வளவு நிதானம் பாருங்கள் என்று உறவுக்காரர்கள் மெச்சினார்கள்.

மூன்று மாதம் அந்தப் பதிவுகளை அவர் நினைக்கவே பயந்தார். கேட்டால் உடைந்துவிடுவோம் என்று தெரியும். பிறகு ஒருநாள், தன் சாவிக்கடையை மூடி வந்தவர், மகளிடம் மெல்லக் கேட்டார். மகள் கட்டிக்கொடுத்த இடத்திலிருந்து வாரம் ஒருமுறை வந்து போகிறவள். அவருக்கென்று புதிய போன் வாங்கி, எண்களையெல்லாம் ஏற்றிக் கொடுத்திருந்தவளும் அவள்தான்.

"பாப்பா, அம்மா பேசி வச்சது… போன் போனதோட அதுவும் போச்சா?"

"இல்லப்பா, அதெல்லாம் கணக்குல பத்திரமா இருக்கும். இருங்க, இப்பவே எடுத்துடறேன்."

உட்கார்ந்தவள் ஒரு மணி நேரம் எழுந்திருக்கவில்லை. கடவுச்சொல் தெரியவில்லை; போனில் கேட்டால், கணக்கைத் தொடங்கிக் கொடுத்த செருப்புக்கடைப் பெண்ணுக்கும் நினைவில்லை. தெரியாவிட்டால் அந்த எண்ணுக்கு ஒரு குறியீடு அனுப்புகிறோம் என்றது திரை. அந்த எண்தான் மூடியாயிற்றே. கடைசியில் மகள் நிமிர்ந்து பார்த்தாள்.

"அப்பா, அம்மா நம்பரை நீங்க ஏம்பா மூடினீங்க?"

குற்றம் சாட்டும் குரல் இல்லை. தெரியாமல்தான் கேட்டாள். சாவிக்காரர் தன் கைகளைப் பார்த்தார். பூட்டை மாற்றி, சாவியையும் உள்ளேயே வைத்துப் பூட்டியிருக்கிறார்.

போன் கடையில், மூடிய எண்ணைத் திரும்பத் தர வழியில்லை என்று கையை விரித்தார்கள். மகள் விடவில்லை. வேறு வழியில் உறுதிப்படுத்து என்று இருந்த இடத்தையெல்லாம் அழுத்திப் பார்த்தாள். இறப்புச் சான்றிதழை அனுப்பினாள். பெயர் பொருந்தவில்லை என்று பதில் வந்தது. பொருந்தாதுதான். செருப்புக்கடை அக்கா என்று எந்த அலுவலகம் சான்றிதழ் கொடுக்கும்? தாயும் மகளும் சேர்ந்திருக்கும் படத்தை அனுப்பினாள். 'இந்தக் கணக்கு உங்களுடையது என்று உறுதிப்படுத்த எங்களால் இயலவில்லை. உங்கள் பொறுமைக்கு நன்றி' என்று வந்தது. எந்த நேரத்தில் அனுப்பினாலும் நான்கு நிமிடத்தில் அதே இரண்டு வரி.

"யாரும்மா எழுதறாங்க இதை?" என்றார் சாவிக்காரர்.

"யாரும் இல்லப்பா. மெஷின்."

"அதுக்கு மேல ஒரு ஆள் இருப்பார்ல?"

"இருப்பாங்க. எங்கன்னுதான் தெரியல."

அவருக்கு இதுதான் பிடிபடவில்லை. அவர்கள் திறக்க மறுத்ததில் அவருக்குக் கோபம் இல்லை. அவரே எத்தனை பேருக்கு மறுத்திருக்கிறார். ஆனால் அவர் மறுக்கும்போது எதிரே ஒரு மனிதர் நிற்பார். திட்டலாம், கெஞ்சலாம், நாலு பேரைக் கூட்டிவந்து நியாயம் கேட்கலாம், சாட்சி வந்தால் கதவும் திறக்கும். இங்கே சாட்சி சொல்ல ஒரு தெருவே தயாராக இருந்தது. டீக்கடைக்காரர்கூட, "நான் வந்து சொல்றேண்ணே, எந்த ஆபீஸ்னு மட்டும் காட்டுங்க" என்றார். எந்த வாசலில் போய் நிற்பது?

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, புது அடுக்குமாடியிலிருந்து அழைப்பு வந்தது. ஐந்தாம் மாடி. கதவு காற்றில் அறைந்து சாத்திக்கொண்டு, ஒரு இளம்பெண் வெறுங்காலோடு வெளியே தவித்துக்கொண்டிருந்தாள்.

"அண்ணா, அடுப்புல பால் இருக்குண்ணா!"

"பக்கத்துல யார் இருக்காங்கம்மா?"

"பால் பொங்குதுன்னு சொல்றேன், பக்கத்துல யாருன்னு கேக்கறீங்களே!"

"பொங்கினா தொடைச்சுக்கலாம். கூப்பிடுங்க."

எதிர்வீட்டிலிருந்து ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே வந்தார். "இந்தப் பொண்ணு வீடுதாம்ப்பா. வாடகைக்கு இருக்கா. ராத்திரி பாட்டுச் சத்தம் ஜாஸ்தி. மத்தபடி நல்ல பொண்ணு" என்றார். சாட்சி போதுமானதாக இருந்தது. ஒன்றரை நிமிடத்தில் கதவு ஒரு சாண் நகர்ந்தது. பெண் உள்ளே ஓடினாள். சாவிக்காரர் வாசலிலேயே நின்றார். உள்ளே, கதவை ஒட்டிய கொக்கியில் ஒரு அடையாள அட்டை தொங்கியது. அதிலிருந்த சின்னத்தை அவர் ஆறு மாதமாக மகளின் திரையில் பார்த்துப் பார்த்து மனப்பாடம் செய்திருந்தார்.

பெண் திரும்பி வந்தபோது அவர் இன்னும் அங்கேயே நின்றுகொண்டிருந்தார்.

"அந்தக் கம்பெனியிலயா வேலைம்மா?"

"ஆமாண்ணா. ஏன்?"

சொன்னார். நின்றபடியே, ஆரம்பத்திலிருந்து. எதிர்வீட்டு ஆசிரியையும் உள்ளே போகாமல் கேட்டுக்கொண்டிருந்தார். முடித்தபோது அந்தப் பெண்ணின் முகம் வெளுத்திருந்தது.

"அண்ணா, நான் அந்தப் பிரிவு இல்ல. வரைபடத்துல தெருப் பேர் சரியா வருதான்னு பாக்கற வேலை எனக்கு. என் கணக்கு பூட்டிக்கிட்டா நானும் அதே படிவத்தைத்தான் போடணும்."

"அப்ப உங்க வீட்டு வாசல்ல நீங்களே வெளிய நிப்பீங்க."

"ஆமா. இன்னிக்கு மாதிரியே." சிரிக்க முயன்றாள், வரவில்லை. "தப்பா எடுத்துக்காதீங்க. மனைவி செத்துட்டாங்க, திறந்து குடுங்கன்னு இதே கதையைச் சொல்லிக்கிட்டு தினம் ஆயிரம் திருடங்க வர்றாங்களாம். அதுக்காகத்தான் அவ்வளவு கெடுபிடி."

"சரிதாம்மா. என்கிட்டயும் ஒருத்தன் அழுதான். ஆனா உண்மையா பொய்யான்னு நான் ரெண்டு மணி நேரத்துல விசாரிச்சேன். இவ்வளவு பெரிய கம்பெனிக்கு விசாரிக்க ஒரு ஆள் இல்லையா?"

அவள் ஒரு காகிதத்தைத் தேடி எடுத்தாள். விவரங்களை எழுதி வாங்கிக்கொண்டாள்.

இரண்டு வாரம் கழித்து, கடைக்கே வந்தாள். சாவி அறுக்கும் இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. நிறுத்தினார். அவள் நாற்காலியில் உட்காரவில்லை.

"யாரோ ஒருத்தர் எடுத்துப் பாத்தாங்களாம். பேர் சொல்லல. அந்தக் கணக்கை நிரந்தரமா பூட்டியாச்சாம். இன்னும் தொண்ணூறு நாள்ல உள்ள இருக்கறது எல்லாம் அழிஞ்சிடும்."

"என்ன குத்தம் பண்ணினோம்?"

"கணக்கைத் திறக்க ஆறு தடவை முயற்சி நடந்திருக்கு. ஆறு தடவையும் அந்த நம்பர்க்காரர், இது நான் இல்லைன்னு மறுத்திருக்கார். அதனால யாரோ திருடப் பாக்கறாங்கன்னு முடிவு பண்ணிடுச்சு."

"எந்த நம்பர்க்காரர்? அதைத்தான் மூடிட்டேனே."

"மூடின நம்பரைக் கொஞ்ச நாள் கழிச்சு வேற யாருக்காவது குடுத்துடுவாங்கண்ணா."

அந்தச் சிந்தனை அவருக்கோ மகளுக்கோ வந்ததே இல்லை. செத்துப்போனவளின் எண்ணை யார் அழைத்துப் பார்ப்பார்கள்? அவர் போனில் அந்த எண் இன்னும் 'அம்மா' என்றுதான் இருந்தது. மகள் ஏற்றிக் கொடுத்தபோது தன் வழக்கப்படி அப்படி எழுதியிருந்தாள். அந்தப் பெயரைத் தாண்டும்போதெல்லாம் அவர் விரல் வேகமாக நகர்ந்துவிடும். இப்போது அழுத்தினார்.

"ஹலோ! செருப்புக்கா? இங்க செருப்பு இல்லைங்க!" என்றது ஒரு ஆண் குரல், பின்னால் லாரியின் உறுமலோடு. "தினம் நாலு பேரு என்னைச் செருப்புக் கேட்டே கொல்றாங்க. நான் சிமெண்ட் லாரி ஓட்டறவன்!"

"செருப்புக்கு இல்ல தம்பி. உங்க போன்ல ஏதாவது குறியீடு வந்துச்சா? அந்தக் கம்பெனி பேர்ல?"

லாரியின் சத்தம் நின்றது. ஓரங்கட்டியிருக்க வேண்டும்.

"வந்துச்சே. எவனோ திருட்டுப் பய யார் கணக்கையோ திறக்கப் பாக்கறான்னு நினைச்சேன். நீங்க இல்லைன்னா இங்க அழுத்துங்கன்னு இருந்துச்சு. அழுத்தினேன். விடாம வந்துச்சு, நானும் விடல. மொத்தம் ஆறு தடவை. ஏன், உங்க கணக்கா?"

"என் மனைவியோடது. இறந்துட்டாங்க."

லாரியிலிருந்து இறங்கிக் கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது.

"ஐயா… நான் கெட்டது பண்ணணும்னு…"

"இல்ல தம்பி. நீங்க சரியாத்தான் செஞ்சீங்க. நானா இருந்தாலும் அதையேதான் செஞ்சிருப்பேன்."

சொன்னபோதே, அது எவ்வளவு உண்மை என்பது அவர் நெஞ்சில் இறங்கியது. அவரும் சரியாகத்தான் செய்தார். லாரிக்காரரும் சரியாகத்தான் செய்தார். இந்தப் பெண்ணும் தன்னால் முடிந்ததைச் செய்துவிட்டு, குற்றவாளி மாதிரி நின்றுகொண்டிருக்கிறாள்.

இன்னொரு முறை எழுதிக் கேட்பதாகச் சொல்லிவிட்டு, அவள் தன் பையிலிருந்து ஒரு சாவியை எடுத்து மேஜையில் வைத்தாள். "இது என் வீட்டு இன்னொரு சாவிண்ணா. உங்ககிட்டயே இருக்கட்டும். உங்களை நம்பலாம்."

"வேணாம்மா."

"ஏன்?"

"இந்த ஏரியா சாவியெல்லாம் ஒரே ஆள்கிட்ட இருக்கக் கூடாது. அது நானா இருந்தாலும் சரி. எதிர்வீட்டு டீச்சரம்மாகிட்டக் குடுங்க. தொலைச்சாங்கன்னா கதவைத் தட்டி நாலு கேள்வி கேக்கலாம்."

"அவங்க என் பாட்டைப் பத்திக் கேப்பாங்க."

"கேக்கட்டும்."

அவள் மறுபடி எழுதினாள். மகளும் எழுதினாள். நான்கு நிமிடப் பதில் வந்துகொண்டே இருந்தது. லாரிக்காரர் ஒரு ஓய்வு நாளில் கடைக்கே வந்து, தன் போனை மேஜையில் வைத்து, "எந்தக் குறியீடு வந்தாலும் சொல்லிடறேன், அனுப்பச் சொல்லுங்க" என்று அரை நாள் உட்கார்ந்திருந்தார். எதுவும் வரவில்லை. நிரந்தரமாகப் பூட்டிய கணக்குக்குக் குறியீடு அனுப்புவதில்லையாம்.

ஒரு சாயங்காலம், "என்னப்பா பேசியிருப்பாங்க, ஆறு மணி நேரம்?" என்று கேட்டாள் மகள்.

"உன் அம்மாவுக்கு ஆறு மணி நேரம் பத்துமா? பாதியில நிறுத்தியிருப்பா" என்றார். பிறகு, "மூணாம் நாள் சிரிச்சா. எதுக்குன்னு தெரிஞ்சாக்கூடப் போதும்" என்றார்.

தொண்ணூறாம் நாளை அவர் காலண்டரில் குறித்து வைக்கவில்லை. குறிக்காமலே தெரிந்திருந்தது. அன்று காலை வழக்கம்போலக் கடையைத் திறந்தார். ஒரு பள்ளிக்கூடத்துக்கு இருபது பூட்டுக்குச் சாவி அறுக்க வேண்டியிருந்தது. பன்னிரண்டாவதை அரத்தில் தேய்த்துக்கொண்டிருந்தபோது போன் ஒலித்தது. திரையில் 'அம்மா' என்று வந்தது.

அது யாரென்று அவருக்குத் தெரியும். தெரிந்தும் உடனே எடுக்காமல் அரத்தைக் கீழே வைத்தார். நான்கு மணியோசை வரை பார்த்துக்கொண்டிருந்துவிட்டு எடுத்தார்.

"ஐயா, நான்தான்" என்றார் லாரிக்காரர். "இப்ப ஒரு மெசேஜ் வந்துச்சு. கணக்கை அழிச்சாச்சாம். இவ்வளவு நாள் கூட இருந்ததுக்கு நன்றின்னு போட்டிருக்கான். எனக்கு எதுக்கு நன்றி சொல்றான்னு தெரியல. உங்களுக்குச் சொல்லணும்னு தோணுச்சு."

"சரி தம்பி."

"உங்களுக்கு ஒண்ணும் அனுப்பலையா?"

"இல்ல."

லாரிக்காரர் தொண்டையைச் செருமினார். வைத்துவிடுவார் என்று நினைத்தார் சாவிக்காரர். அவர் வைக்கவில்லை.

"இன்னொண்ணு கேக்கணும் ஐயா. இன்னிக்குக் காலையில ஒரு அம்மா கூப்பிட்டாங்க. பையனுக்கு நாலாம் நம்பர் செருப்பு வந்துச்சான்னு கேட்டாங்க. வழக்கமா ராங் நம்பர்னு வச்சுடுவேன். இன்னிக்கு மனசு கேக்கல. அந்த அக்கா இறந்துட்டாங்கன்னு சொல்லிட்டேன். அந்த அம்மா அழுதுட்டாங்க. ரொம்ப நேரம் அக்காவைப் பத்தியே சொன்னாங்க. குதிகால் தேய்ஞ்சிருக்கறதைப் பாத்து ஏதோ சொல்வாங்களாமே?"

சாவிக்காரர் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார்.

"என்ன சொன்னாங்க?" என்றார். "மெதுவா சொல்லுங்க தம்பி. எல்லாத்தையும் சொல்லுங்க."